தையற்காரியின் கூலிக் கணக்கு

ஊசியும் நூலும் பெண்ணுக்கு உரியவை என்று விதித்து வைத்த உலகம், அந்த ஊசியால் வரும் காசு யாருக்கு உரியது என்பதை மட்டும் இன்றுவரை தெளிவாகச் சொன்னதில்லை. வெயில் இல்லை, மழை இல்லை, அயலான் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை; வீட்டிலிருந்தபடியே செய்யலாம்; ஆகையால் குடும்பப் பெண்ணுக்கு ஏற்ற தொழில் தையலே என்று பெரியவர்கள் புகழ்வார்கள். புகழுக்குக் காசு செலவில்லை. கூலி என்ற பேச்சு வரும்போதுதான் நாக்கு மடங்குகிறது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நடப்பதைப் பாருங்கள். பேரங்காடியில் விலைச்சீட்டு தொங்கும் சட்டைக்கு வாய் திறவாமல் பணம் நீட்டுகின்ற நாம், அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் மாடியில் இரவெல்லாம் விழித்து ரவிக்கை தைத்துத் தரும் அக்காளிடம் மட்டும், இரண்டு வெள்ளி குறைத்துக்கொள்ளுங்கள் என்று வாதாடுகிறோம்!

அண்மைக் காலத்தில் கோலாலம்பூரைச் சுற்றி, தையற்பெண்களுக்கு நியாயமான கூலி தந்து ஆடையும் பையும் செய்விக்க முன்வந்த சமூகத் தொழில் நிலையங்கள் சில தோன்றின. நல்ல முயற்சியே. ஆயினும் அதனை எடை போடுவதற்கு முன், தையற்காரியின் கூலிக்கு உள்ள நீண்ட சரித்திரத்தைச் சிறிது புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

1843ஆம் ஆண்டு. உலகின் செல்வமெல்லாம் வந்து குவிந்த லண்டன் மாநகரம். அங்கே லாம்பெத் என்னும் பகுதியில், பிட்டெல் என்ற கைம்பெண் ஒருத்தி கடைக்காரனிடம் துணி வாங்கி வந்து, வீட்டில் கால்சட்டை தைத்து வயிறு வளர்த்து வந்தாள். துணிக்கு ஈடாக 2 பவுன் ஜாமீன் கட்ட வேண்டும். எவ்வளவு முயன்று தைத்தாலும் வாரத்திற்கு 7 ஷில்லிங்குக்கு மேல் கைக்கு வராது. குழந்தைகள் பசியால் துடித்தன. தைக்கக் கொடுத்த துணிகளையே அடகு வைத்தாள், மீட்க இயலவில்லை, குற்றவாளியாக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டாள். பத்திரிகைகளில் இச்செய்தி வந்தது. அவ்வாண்டின் கிறிஸ்துமஸ் சமயத்தில் 'பஞ்ச்' இதழில் தாமஸ் ஹூட் என்னும் கவிஞர் சட்டை தைப்பவளின் துயரைப் பாட்டாக்கினார். லண்டன் அழுதது. அழுத கண்களைத் துடைத்துக்கொள்ள எடுத்த கைக்குட்டையையும் அவளைப் போன்ற ஒருத்திதான் அரைக் காசுக்குத் தைத்திருப்பாள் என்பதை அழுதவர்கள் எண்ணிப் பார்த்தார்களோ, இல்லையோ!

கண்ணீர் கூலியை உயர்த்தவில்லை. இயந்திரமாவது உயர்த்திற்றா? 1846இல் எலியாஸ் ஹோ அமெரிக்காவில் தையற்பொறிக்கு உரிமம் பெற்றார்; 1851இல் ஐசக் சிங்கர் தம் பொறிக்கு உரிமம் பெற்றார். கையால் தைத்தால் 14 மணி நேரத்திற்கு மேல் பிடித்த ஓர் ஆண் சட்டை, பொறியில் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்தது என்று அக்காலத்துக் கணக்கு சொல்கிறது. மிச்சமான 13 மணி நேரம் எங்கே போயிற்று? தைத்தவளின் உறக்கத்திற்குப் போகவில்லை. உருப்படிக் கூலி சரிந்தது. முன்பு ஒரு சட்டைக்குக் கிடைத்ததைப் பெற இப்போது பல சட்டைகள் தைக்க வேண்டியதாயிற்று. 1856 முதல் சிங்கர் கம்பெனி தவணை முறையில் பொறியை விற்கத் தொடங்கியது. ஏழையும் வாங்கலாம் என்றாயிற்று. ஆனால் தவணை கட்டுவதற்காகவே தைக்கும் நிலையும் பலருக்கு உண்டாயிற்று. தொழிற்சாலைக்குள் போனவர்களின் கதி இன்னும் கொடியது. 1911 மார்ச் 25ஆம் நாள் நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பற்றியபோது ஒரு வாயிற்கதவு பூட்டிக் கிடந்தது, 146 பேர் மாண்டனர், பெரும்பாலோர் இளம்பெண்கள். நூறாண்டு கழிந்த பின்னும், 2013இல் வங்காள தேசத்தின் ரானா பிளாசா கட்டடம் இடிந்து விழுந்து 1,100க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். நம் உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் மலிவுச் சட்டைக்குப் பின்னால் உள்ள கதை இது.

கடல் கடந்த கதை கிடக்கட்டும். நம் மலாயாவுக்கு வருவோம். நம் பெண்கள் இங்கு ஊசி பிடிக்க வந்தவர்கள் அல்லர். பால்மரம் சீவ வந்தவர்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, ஆணுக்குச் சமமாக மரம் சீவினார்கள். கூலியோ சமமில்லை. 1920களின் இறுதியில் கிள்ளான் வட்டாரம் போன்ற இடங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் ரப்பர் விலை விழுந்ததும் அதையும் வெட்டி, ஆணுக்கு 40, பெண்ணுக்கு 32 என்றாக்கினர். 1941இல் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு, தோட்டத்துப் பெண்களை அதிகாரிகள் தொல்லைப்படுத்துவது ஒழிய வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. அதற்குக் கிடைத்த விடை துப்பாக்கி. பெண்ணின் உழைப்புக்கு விலை குறைவு, மானத்துக்கு மதிப்பே இல்லை என்ற அந்தக் கணக்குப் புத்தகத்தில்தான் தையற்கூலியும் பின்னர் எழுதப்பட்டது.

தையற்பொறி பட்டணத்துக் கடைகளிலிருந்து தவணைக்கு லயத்து வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. பகலில் மரம், மாலையில் மெஷின். ரவிக்கை, பாவாடை, பள்ளிப் பிள்ளையின் சட்டை, சேலைக்கு ஓரம். இதனால் வந்த வருமானத்தைக் குடும்பத்தார் 'கைச்செலவுக் காசு' என்று அழைத்தனர். அந்தக் கைச்செலவுக் காசில்தான் பிள்ளைக்குப் புத்தகமும், கள்ளுக்கடைக்குப் போன கூலிக்கு ஈடான அரிசியும் வந்தன என்பது வேறு சங்கதி. ஆண்டுக்கு ஒருமுறை அந்த மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போடுகிறோம். மிதித்தவளின் வீங்கிய காலை யாரும் பார்ப்பதில்லை.

பிறகு தோட்டமே போயிற்று. ரப்பர் செம்பனையாயிற்று, செம்பனை நகரமாயிற்று. 1990களில் பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில் புத்ராஜெயா எழுந்தது யாவரும் அறிந்ததே. வேலையும் வீடும் ஒரே நாளில் இழந்த குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியேறின. கன்னிப் பெண்கள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினர். பிள்ளை குட்டியுள்ளவளும், கணவனை இழந்தவளும், கணவன் இருந்தும் இல்லாதவளும் என் செய்வர்? மூலையில் கிடந்த மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டனர். இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டுத் தையலால் பிழைக்கும் நம் பெண்கள் பலர் வந்த வழி இதுவேயாகும்.

இவர்களுக்கு உதவுவோம் என்று புறப்படுகிறவர் எவரும் முதலில் நினைப்பது, ஒரு மெஷின் வாங்கிக் கொடுப்பதே. தமிழ்நாட்டு அரசும் கைம்பெண்கள், கைவிடப்பட்டோர் ஆகியோருக்கு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டமொன்றைச் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் நடத்தி வந்தது. குறை சொல்வதற்கில்லை. ஆனால் மெஷின் வந்த மறுநாள், தைக்கத் துணி எங்கே? ஆர்டர் யார் தருவார்? விலையை யார் பேசுவார்? இந்த மூன்றுக்கும் விடை இல்லையென்றால் மெஷின் மேல் துணி மடித்து வைப்பார்கள், அவ்வளவுதான்.

இந்த உண்மையைத் தெளிவாகக் கண்டவர் ஆமதாபாத்தின் எலா பட் அம்மையார். 1972இல் அவர் சேவா என்னும் சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது, முதலாளி யார் என்று தெரியாத பெண்களுக்குச் சங்கம் ஏது என்று அதிகாரிகள் மறுத்தனராம். சங்கம் தொழிலாளரின் ஒற்றுமைக்காக. முதலாளியை எதிர்ப்பதற்காக மட்டுமன்று என்று வாதாடிப் பதிவு பெற்றார். அச்சங்கத்தில் ஆலைக் கழிவுத் துண்டுத் துணிகளைச் சேர்த்து மெத்தை உறை தைக்கும் முஸ்லிம் பெண்கள் இருந்தனர். கூலி உயர்த்தக் கேட்டவர்களுக்கு வியாபாரிகள் வேலையை நிறுத்தினர். பெண்கள் அடங்கிப் போகவில்லை. சபீனா என்ற பெயரில் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கித் துணியைத் தாமே வாங்கித் தாமே விற்றனர். அங்கே மெஷின் புதிதன்று. ஆர்டர் புத்தகம் அவர்கள் கைக்கு வந்ததே புதிது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு கோலாலம்பூருக்குத் திரும்புவோம். 2013இல் சசிபாய் கிமிஸ் அம்மையார் 'எர்த் ஏர்' என்ற நிலையத்தைத் தோற்றுவித்துக் கைவினைஞருக்கு நியாய விலை தரும் வாணிகத்தை இங்கே பேசச் செய்தார். 'பீஜி பீஜி' இளைஞர்கள், வீசியெறிந்த விளம்பரத் துணிகளையும் மோட்டார் வண்டியின் இருக்கை வார்களையும் பைகளாகத் தைக்கச் செய்தனர். யாப் சூ யீ என்பவர் தொடங்கிய 'கொமுனித்தி துக்காங் ஜாஹிட்' — தையற்காரர் சமூகம் என்று பொருள் — வருமானம் குறைந்த குடும்பப் பெண்களுக்கு, வீட்டிலிருந்தே தைக்கும்படி பெரிய கம்பெனிகளின் ஆர்டர்களைத் திரட்டித் தந்தது. தனியொருத்தி ஆயிரம் பைக்கு ஆர்டர் பிடிக்க முடியாது. ஐம்பது பேரை ஒன்று சேர்த்தால் முடியும். இம்மூன்றில் நம் கதைக்கு மிக நெருங்கியது இதுவே.

ஆனால் நியாயமான கூலி என்ற சொல்லை வைத்துக்கொண்டு வயிறு நிறையாது. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மலேசியாவில் 2025இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி; மணிக்கு 8 வெள்ளி 72 காசு. ஒரு துணிப்பை தைக்க 40 நிமிஷம் பிடிக்குமென்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பைக்கு 5 வெள்ளி 81 காசு தந்தால்தான் சட்டம் சொன்ன கடைசிப் படியையாவது தொடுகிறோம். நூல், மின்சாரம், முறிந்த ஊசி, துணி வாங்கவும் பை கொடுக்கவும் போய்வந்த செலவு, பிரித்துத் தைத்த நேரம் எல்லாம் இதற்கு மேல். 3 வெள்ளி கொடுத்துவிட்டு, ஏழைப் பெண்களுக்கு வாழ்வளிக்கிறோம் என்று எவரேனும் சொன்னால் அது பிட்டெல் அம்மையின் கடைக்காரன் பேச்சே. இன்னொரு கொடுமையும் உண்டு. வீட்டில் உருப்படிக் கணக்கில் தைப்பவள் பெரும்பாலும் தொழிலாளியென்று எண்ணப்படுவதில்லை. சொந்தத் தொழில் செய்பவள் என்றே வைக்கப்படுகிறாள். ஆதலால் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் அவள் வாசற்படியில் நின்றுவிடுகிறது. சுயதொழில் செய்வோருக்கென 2017இல் ஒரு சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சந்தாவை அவளே கட்ட வேண்டும்.

2020இல் கொள்ளை நோய் வந்து நாடே கதவடைத்த காலத்தில், மருத்துவமனைகளுக்குப் பாதுகாப்பு அங்கி தேவைப்பட்டது, நாடெங்கும் பெண்கள் வீட்டு மெஷினில் தைத்துக் குவித்தனர், பலர் கூலியின்றியே. அன்று அவர்களை வீராங்கனைகள் என்றோம். நோய் தணிந்தது; ரவிக்கைக்கு மறுபடியும் இரண்டு வெள்ளி குறைக்கச் சொன்னோம்.

நியாய வாணிகம் செய்வோரிடத்திலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பையின் விலைச்சீட்டில் தைத்தவளின் படத்தையும் துயரக் கதையையும் அச்சிடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. வாங்குபவருக்கு மனம் இளகுகிறது. அவள் கண்ணீரை அச்சிடுவதற்குப் பதில் அவள் கூலியை அச்சிட்டால் என்ன? விற்ற விலை இவ்வளவு, துணிக்கு இவ்வளவு, கடைவாடகைக்கு இவ்வளவு, தைத்தவளுக்கு இவ்வளவு என்று நான்கு வரி போதும். அந்தக் கணக்கைத் தைத்தவளுக்கே காட்டாத நிலையம், பெயர் எதுவாயினும், பழைய கங்காணி முறையேயாகும்.

இதெல்லாம் படித்த பெருமக்களுக்கே ஆகும், தோட்டத்து ஆட்களால் ஆகாது என்பார் உண்டு. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோதும் இப்படித்தான் சொன்னார்கள். வெள்ளைக்காரர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. தொழிலாளர் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்கு வாங்கினர்; கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது; பின்னும் பல தோட்டங்கள் வந்தன. அந்தப் பத்து வெள்ளியில் நாள் முழுதும் மரம் சீவிய பெண்களின் கூலியும் கலந்திருந்தது. ஒரு தோட்டத்தின் விலையோடு ஒப்பிட்டால் பத்து மெஷின், ஓர் ஓவர்லாக், ஒரு வெட்டுமேசை, ஓர் ஆர்டர் புத்தகம் ஆகியவற்றின் விலை மிகச் சிறியது.