உயிர்ப்பும் இரைப்பும்

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளின் வேறாக எண்ணிய 32 மெய்ப்பாடுகளுள் உயிர்ப்பும் ஒன்று. அகத்துயர் மூச்சின்வழிப் புறத்தே புலனாம் என்பது இதனாற் பெறப்படும். ஆயின், ஆசுத்துமா எனப்படும் இரைப்பு நோய்க்கு உள்ளமே காரணம் எனல் பொருந்துமோ? 1892இல் மருத்துவ அறிஞர் ஆசுலர் அதனைப் பெரும்பாலும் நரம்புசார் நோய் என்றார். 1941இல் தாமசு பிரெஞ்சு, பிரான்சு அலெக்சாந்தர் என்னும் உளமருத்துவர் இருவர், தாயன்பை இழக்கும் அச்சமே இரைப்புக்கு அடிப்படை என்றனர்; பழி அன்னையர்மேல் விழுந்தது. 1966இல் இசிசாகா இணையர் ஒவ்வாமைக்குரிய எதிர்ப்புரதத்தைக் கண்டறிந்தனர். மூச்சுக்குழல் அழற்சியே நோயின் நிலைக்களன் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எனினும், கடுந்துயர் சிறுவர்க்கும் வளர்ந்தோர்க்கும் இழுப்பினை மிகுவிக்கும் என இக்கால ஆய்வுகள் காட்டும். ஆகவே, உள்ளம் நோயைத் தூண்டும். அதன் தனிக்காரணம் அன்று. அன்னையைப் பழியாது, மருந்தொடு மனத்தையும் பேணுதலே முறை.