பொட்டலத்திலிருந்து அண்டாவுக்கு

ஐயப்பன்தாங்கல் வீட்டில் யாருக்காவது உடம்பு கணகணத்தால் அம்மா முதலில் திறப்பது அஞ்சறைப்பெட்டியைத்தான். சுக்கு, மிளகைத் தட்டிப் போட்டு, தண்ணீர் கால் பங்காகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு, பனைவெல்லம் சேர்த்துக் கொடுப்பாள். காய்ச்சல் விடாவிட்டால், பூந்தமல்லி நாட்டு மருந்துக் கடையிலிருந்து நிலவேம்புப் பொட்டலம் வரும்.

இந்த வைத்தியத்தை அரசு மதிக்க நெடுங்காலம் ஆனது. 1921-ல்தான் சென்னை மாகாண அரசு முகமது உஸ்மான் தலைமையில் நாட்டு மருத்துவத்தை ஆராயக் குழு அமைத்தது. 1923-ல் அறிக்கை வந்தது. பிறகு சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கி, சித்தா, ஆயுர்வேதம், யுனானி மூன்றையும் கற்பித்தார்கள். வீட்டுப் பெண்கள் காலங்காலமாகச் செய்துவந்ததற்கு அது தாமதமான மரியாதை என்றே நினைக்கிறேன்.

2006-ல் சிக்குன்குனியா வந்து ஊரே மூட்டுவலியில் முடங்கியது. 2012 டெங்கு சமயத்தில் அரசே நிலவேம்புக் குடிநீர் வழங்கியது. பெயரில் நிலவேம்பு மட்டும் இருந்தாலும் அதில் ஒன்பது சரக்குகள்: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சைவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்பாடகம், சுக்கு, மிளகு. முதல் மடக்கிலேயே நாக்கு சுருண்டுவிடும். கசப்பு தொண்டையை விட்டு இறங்க நேரமாகும். ஆனால் டெங்குவில் காய்ச்சல் தணிந்த பிறகும் ஆபத்து உண்டு. வயிற்றுவலியோ ரத்தக்கசிவோ கண்டால் கஷாயத்தை நம்பி உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். அம்மாவும் அப்படித்தான் சொல்வாள்.

2020-ல் கொரோனா வந்தபோது அந்த இடத்தைக் கபசுரக் குடிநீர் பிடித்தது. அதில் பதினைந்து சரக்குகள்.