கையைப் பிடிச்சு இழுக்காத விண்டோ

இந்த எபிசோட் நான் பண்ண ஒரு தப்புல ஆரம்பிக்குது.

முதல் வேலையில, ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்காக ஒரு ரிமைண்டர் டூல் எழுதினேன். நேரம் வந்தா ஸ்கிரீனோட வலது கீழ் மூலையில குட்டியா ஒரு விண்டோ வரும். 'எத்தனை நிமிஷம் கழிச்சு ஞாபகப்படுத்தணும்?'னு ஒரு பாக்ஸ் இருக்கும். அழகா டிசைன் பண்ணியிருக்கேன்னு எனக்கு ஒரே பெருமை.

பில்லிங்ல ஒரு அக்கா. பேப்பரைப் பார்த்துக்கிட்டே டைப் பண்ணுவாங்க, ஸ்கிரீனைத் திரும்பிக்கூட பார்க்க மாட்டாங்க. அன்னைக்கு 4850-னு அடிக்க ஆரம்பிச்சாங்க. 48 பில்லுக்குள்ள போச்சு. அந்த நொடியில என் விண்டோ எட்டிப் பார்த்துச்சு. மீதி 50 என் பாக்ஸுக்குள்ள விழுந்துச்சு. என்டர் தட்டினதும் ரிமைண்டர் 50 நிமிஷம் தள்ளிப்போய் மறைஞ்சுடுச்சு. அடுத்த என்டர்ல 48 ரூபாய்க்கு பில் சேவ் ஆயிடுச்சு.

கண்டுபிடிச்சப்புறம் அக்கா திட்டல. "தம்பி, உன் விண்டோ சின்னதுதான். ஆனா என் கையைப் பிடிச்சு இழுக்குதே"ன்னாங்க. அந்த வார்த்தை மனசுல தைச்சுடுச்சு. இதுக்கு முன்னாடி சின்ன விண்டோ செஞ்சவங்க இதை எப்படிச் சமாளிச்சாங்கன்னு தேட ஆரம்பிச்சேன்.

1984-க்குப் போவோம். ஆப்பிளோட முதல் மேக்கின்டாஷ்ல 128 கிலோபைட் மெமரிதான். ஒரு நேரத்துல ஒரு அப்ளிகேஷன்தான் ஓடும். லெட்டர் எழுதிட்டிருக்கும்போது ஒரு கணக்குப் போடணும்னா என்ன செய்யறது? அதுக்காக வந்ததுதான் 'டெஸ்க் அக்சஸரி'. கால்குலேட்டர், அலாரம் கடிகாரம், நோட்பேட் மாதிரி குட்டி புரோகிராம்கள். எழுதிட்டிருக்கிற அப்ளிகேஷனை மூடாமலே, ஆப்பிள் மெனுவுல இருந்து கூப்பிட்டா வரும்.

அந்த கால்குலேட்டருக்கு ஒரு கதை இருக்கு. டிசைன் பண்ணவர் கிறிஸ் எஸ்பினோசா, ஆப்பிளோட 8-ஆவது ஊழியர். ஒவ்வொரு தடவை காட்டும்போதும் ஸ்டீவ் ஜாப்ஸ் ஏதாவது ஒரு குறை சொல்லுவார். கோடு தடிமன், பட்டன் அளவு, பின்னணி நிறம்னு. கடைசியில எஸ்பினோசா ஒரு வேலை பண்ணார். இதையெல்லாம் மெனுவுலயே மாத்திக்கிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதி, ஜாப்ஸ் கையிலயே கொடுத்துட்டார். ஜாப்ஸ் பத்து நிமிஷம் போல உட்கார்ந்து அவருக்குப் பிடிச்ச மாதிரி மாத்தினார். அந்தத் தோற்றம்தான் மேக் ஓஎஸ் 9 வரைக்கும் நின்னுச்சு.

அதே 1984-ல, டாஸ் பக்கம் போர்லேண்ட் நிறுவனம் 'சைட்கிக்' கொண்டுவந்தது. டாஸ்லயும் ஒரு நேரத்துல ஒரு புரோகிராம்தான். சைட்கிக் ஒருமுறை ஓடினதும் மெமரியிலேயே ஓரமா தங்கிடும். கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்து அழுத்தினா, ஓடிட்டிருக்கிற புரோகிராம் மேலேயே நோட்பேடும் கால்குலேட்டரும் வரும். வேலை முடிஞ்சா போயிடும், விட்ட இடத்துல தொடரலாம்.

இந்த ரெண்டுலயும் ஒரு விஷயத்தைக் கவனிங்க. கூப்பிடுறது யூசர். கூப்பிட்டாத்தான் வரும்.

அடுத்தது 1997, வின்ஆம்ப். ஜஸ்டின் ஃபிராங்கலும் டிமிட்ரி போல்டிரெவும் எழுதினது. பாட்டு நாள் முழுக்க ஓடும், அதனால பிளேயரும் நாள் முழுக்க ஸ்கிரீன்ல இருக்கணும். விண்டோஸ் தர்ற டைட்டில் பாரையும் பார்டரையும் தூக்கிப் போட்டுட்டு, முழுசா படங்களை வெச்சே வரைஞ்சாங்க. மெயின் விண்டோ 275-க்கு 116 பிக்சல். மேல் பட்டையில டபுள் கிளிக் பண்ணா உயரம் 14 பிக்சலா சுருங்கிடும். ஒரு வரி எழுத்து அளவுக்கு ஒரு மியூசிக் பிளேயர்! எப்பவும் மேலேயே இருக்கணுமா, வேண்டாமாங்கிறதும் நம்ம இஷ்டம்.

இன்டர்நெட் வந்ததும் கதை தலைகீழாச்சு. மெசேஜ் வந்திருக்கு, மெயில் வந்திருக்குன்னு விண்டோ நம்மளைக் கூப்பிட ஆரம்பிச்சது. ஒவ்வொரு புரோகிராமும் 'நான்தான் முன்னாடி'ன்னு வந்து நின்னா, நாம அடிக்கிற பாஸ்வேர்டு எந்தப் பெட்டிக்குள்ள விழும்?

அதனால விண்டோஸ் 98-லயும் 2000-லயும் மைக்ரோசாஃப்ட் ஒரு பூட்டு போட்டது. நீங்க வேற புரோகிராம்ல வேலை பார்த்துட்டிருக்கும்போது, பின்னாடி இருக்கிற ஒண்ணு தானா முன்னாடி வரக் கேட்டா விடாது. டாஸ்க்பார்ல அதோட பட்டன் மட்டும் மின்னும். கடைசியா நீங்க கீபோர்டையோ மவுஸையோ தொட்டதுல இருந்து எவ்வளவு நேரத்துக்கு இந்தப் பாதுகாப்புன்னு ஒரு கணக்கும் உண்டு. வழக்கமான அளவு 2,00,000 மில்லிசெகண்ட், அதாவது 200 நொடி. விண்டோஸ் 2000-ல இன்னொரு வசதியும் வந்தது: 'நோ-ஆக்டிவேட்'. இந்த அடையாளத்தோட பிறக்கிற விண்டோ கண்ணுக்குத் தெரியும், கிளிக் பண்ணா வேலை செய்யும், ஆனா கீபோர்டைப் பிடுங்காது.

மேக் பக்கம் 2004-ல 'க்ரோல்' வந்தது. எல்லா அப்ளிகேஷனும் ஒரே இடத்துல, ஒரே மாதிரி அறிவிப்பு காட்டலாம். எது வரணும், எது வரக்கூடாதுன்னு யூசர் முடிவு பண்ணலாம். 2012-ல மவுன்டன் லயனோட ஆப்பிளே நோட்டிஃபிகேஷன் சென்டரைக் கொண்டுவந்துடுச்சு.

இதையெல்லாம் படிச்சப்புறம்தான் என் தப்பு உறைச்சது. நான் பிக்சலை மட்டும்தான் குறைச்சேன். கீபோர்டு யார் கையில இருக்கணும்னு யோசிக்கவே இல்ல. 14 பிக்சல் விண்டோகூட ஃபோகஸைப் பிடுங்கினா தொந்தரவுதான்.

சரி பண்ணது ரொம்பச் சின்ன வேலை. அந்த டெக்ஸ்ட் பாக்ஸைத் தூக்கிட்டு ரெண்டே பட்டன் வெச்சேன். விண்டோவை ஆக்டிவேட் பண்ணாம காட்டுன்னு மாத்தினேன். இன்னைக்கு எலெக்ட்ரான்ல எழுதறவங்க 'ஷோ'வுக்குப் பதிலா 'ஷோ இன்ஆக்டிவ்'னு கூப்பிட்டாப் போதும்.

ரெண்டு வாரம் கழிச்சு அக்கா கேட்டாங்க, "தம்பி, உன் விண்டோ இப்பல்லாம் வருதா, இல்லையா?" வந்துட்டுத்தான் இருந்துச்சு. அவங்க பார்க்கல. தொந்தரவு பண்ணாத விண்டோவுக்கு இந்த விலை உண்டு, சில நேரம் யாரும் கவனிக்க மாட்டாங்க. அதனால ரிமைண்டர் மறையாம டாஸ்க்பார்ல காத்திருக்கிற மாதிரி செஞ்சேன். பில்லை முடிச்சுட்டு அவங்களே பார்த்துக்குவாங்க.

நீங்க அடுத்த தடவை ஒரு பாப்அப் எழுதும்போது, ஸ்கிரீனைப் பார்க்காம டைப் பண்ற ஒருத்தரை வெச்சு டெஸ்ட் பண்ணிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.