கதிர்வீச்சுச் சிகிச்சையும் பற்களும்: புற்றுநோயாளர் வாய்ப் பராமரிப்பின் வரலாறு

வாய், நாக்கு, தொண்டை ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் வழக்கம் நூறாண்டுக்கு மேல் பழமையானது. 1895-இல் ராண்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். 1898-இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டறிந்தனர். சில ஆண்டுகளிலேயே இரண்டும் மருத்துவமனைக்குள் வந்துவிட்டன. கட்டியைச் சுருக்கும் அந்தக் கதிர், பக்கத்திலுள்ள பல்லையும் தாடையெலும்பையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் விட்டுவைப்பதில்லை. எனவே, சிகிச்சைக்கு வரும் நோயாளியின் பற்களை என்ன செய்வது என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. அதற்கு மருத்துவ உலகம் சொன்ன விடை பலமுறை மாறியிருக்கிறது. சரியான விடை கிடைப்பதற்குள் பலர் நல்ல பற்களை இழந்தார்கள். இன்னும் சிலர் பிடுங்கக் கூடாத நேரத்தில் பல்லைப் பிடுங்கித் தாடையையே இழந்தார்கள்.

இது நமக்குத் தொலைவான செய்தி அன்று. இன்றைய குமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அங்கிருந்த மிஷன் மருத்துவமனைக்கு வாய்ப்புற்று நோயாளிகள் ஏராளமாக வந்தனர். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற மலையேறி ஹோவர்ட் சாமர்வெல் அங்கே அறுவை மருத்துவராக இருந்தார். அவருடன் பணியாற்றிய ஐ. எம். ஆர் என்ற மருத்துவர், வெற்றிலை பாக்கு மெல்லுவோருக்கு வரும் வாய்ப்புற்று பற்றி 1933-இல் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. இந்திய ஆண்களிடம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று இப்போதும் முன்வரிசையில் நிற்கிறது. ஆகவே பல்லும் தாடையும் பற்றிய இக்கேள்வி நம் ஊர் மருத்துவமனைகளில் நாள்தோறும் எழுவதுதான்.

ரேடியமும் தாடையும்

கதிர்வீச்சுக்குப் பின் தாடையெலும்பு உயிரிழந்து, ஈறு பிளந்து, எலும்பு வெளியே தெரிவதை முதல் தலைமுறை மருத்துவர்களே கவனித்தனர். பாரிஸ் ரேடியம் நிறுவனத்தின் குளோத் ரெகோ 1922-இல் இதை விரிவாக எழுதினார். நியூயார்க்கின் ஜேம்ஸ் யூயிங் 1926-இல் கதிர்வீச்சால் வரும் எலும்புப் பாதிப்பை விளக்கினார். பெரும்பாலும் கீழ்த்தாடையே கெட்டது. மேல்தாடைக்குப் பல கிளைகளிலிருந்து இரத்தம் வருகிறது. கீழ்த்தாடை பெருமளவுக்கு ஒரே தமனியை நம்பியிருக்கிறது. அது சுருங்கினால் எலும்பு பட்டினி கிடக்கும்.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வேறொரு சோகம் நடந்தது. இருட்டில் ஒளிரும் கடிகார முகப்புகளுக்கு ரேடியச் சாயம் பூசிய இளம்பெண்கள், தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கினர். ஒவ்வொரு முறையும் சிறிது ரேடியம் வயிற்றுக்குள் போனது. பல்வலி என்று பல் மருத்துவரிடம் போனவர்களுக்குப் பல் பிடுங்கிய குழி ஆறவில்லை. தாடை துண்டு துண்டாக வெளியே வந்தது. நியூயார்க் பல் மருத்துவர் தியோடர் புளூம் 1924-இல் இதை 'ரேடியம் தாடை' என்று குறிப்பிட்டார். இது சிகிச்சையால் வந்த கேடன்று, தொழிற்சாலைக் கேடு. ஆனாலும் கதிர்வீச்சு ஏறிய தாடையில் பல்லைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதை உலகம் அறிந்தது பெரும்பாலும் இந்தப் பெண்களின் வழக்கால்தான். 1928-இல் அது சமரசத்தில் முடிந்தது.

புகழ்பெற்ற ஒரு நோயாளியையும் இங்கே சொல்ல வேண்டும். உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் பிராய்டுக்கு 1923-இல் மேல்தாடையில் புற்று கண்டறியப்பட்டது. அதன்பின் 1939-இல் இறக்கும்வரை முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. வாய்க்கும் மூக்குக்கும் இடையே ஏற்பட்ட திறப்பை அடைக்க ஒரு செயற்கைத் தகடு பொருத்தினர். அதைக் கழற்றுவதும் மாட்டுவதும் பெரும் வேதனை. அந்தத் தகட்டுக்கு அவர் வைத்த பெயர் 'பூதம்'. மகள் அன்னாவே அவருடைய வாயைக் கவனித்துக்கொண்டார். நோய் ஆண்டுக்கணக்கில் கட்டுக்குள் இருந்தபோதும் உண்பதும் பேசுவதும் அவருக்குத் தினசரிப் போராட்டமாகவே இருந்தன. துணைப் பராமரிப்பு என்ற சொல் அப்போது மருத்துவத்தில் இல்லை. அதன் தேவை மட்டும் இருந்தது.

உமிழ்நீர் வற்றும்போது

பள்ளியில் உமிழ்நீர் பற்றி நாம் என்ன கற்பித்தோம்? அதிலுள்ள அமைலேஸ் ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக மாற்றும், ரொட்டியை நெடுநேரம் மென்றால் இனிக்கும், அவ்வளவுதான். நானும் அதைத்தான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையில் எழுதினேன். உமிழ்நீர் பல்லைக் காக்கும் காவலாளி என்பதற்கு அந்தப் பாடத்தில் இடமில்லை. உணவுக்குப் பின் வாயில் உண்டாகும் அமிலத்தை அது தணிக்கிறது. கரையத் தொடங்கிய பற்சிப்பிக்குக் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திருப்பித் தருகிறது. கிருமிகளைக் கழுவி விடுகிறது. இவை நின்றுபோனால் என்ன ஆகும் என்பதைக் கதிர்வீச்சு நோயாளிகள்தான் காட்டினர்.

கியூபாவில் பிறந்து பாரிஸில் பயின்ற கதிர்வீச்சு மருத்துவர் யுவான் டெல் ரெகாட்டோ, 1939-இல் அமெரிக்க இதழ் ஒன்றில் இது பற்றி எழுதினார். வாய், தொண்டைப் பகுதிகளில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு விந்தையான சொத்தை வருகிறது என்றார். சாதாரணச் சொத்தை கடைவாய்ப் பல்லின் மேற்பள்ளத்தில் தொடங்கும். இதுவோ ஈறோரமாகப் பல்லைச் சுற்றி வளையம்போல் அரித்து, கடைசியில் பல்லின் தலையையே முறித்துவிடும். கதிர் நேரே படாத பற்களிலும் இது வந்தது. ஆகவே உமிழ்நீரின் மாற்றமே முக்கியக் காரணம் என்று அவர் முடிவு செய்தார். பல்லைக் கதிர் நேரடியாகத் தாக்குகிறது என்றே அதுவரை எண்ணியிருந்தனர். காரணம் மாறினால் தடுக்கும் வழியும் மாற வேண்டும். ஆனால் அந்த வழி கிடைக்க ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின.

எல்லாப் பற்களையும் பிடுங்கிய காலம்

அந்த இடைக்காலத்தில் மருத்துவர்கள் எளிய வழி ஒன்றைப் பிடித்துக்கொண்டனர். சொத்தை வந்தால் பின்னால் பிடுங்க வேண்டிவரும், பின்னால் பிடுங்கினால் எலும்பு அழுகும், ஆகவே முன்னாலேயே எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவோம் என்பது அவர்கள் கணக்கு. நல்ல பல், கெட்ட பல் என்ற வேறுபாடில்லை. தர்க்கம் என்னவோ சரிதான். ஆனால் பல்லில்லாத வாயில், உமிழ்நீரும் இல்லாமல், கட்டுப்பல் நிற்காது. ஈறு உராய்ந்து புண்ணாகும். நோயிலிருந்து தப்பிய மனிதர் வாழ்நாள் முழுதும் கூழும் கஞ்சியுமாகக் காலம் தள்ள வேண்டியிருந்தது.

நிலைமையை முதலில் மாற்றியது பல் மருத்துவம் அன்று, இயற்பியல். பழைய எக்ஸ் கதிர்க் கருவிகளின் ஆற்றல் குறைவு. அந்த ஆற்றலில் ஒளிமின் விளைவு மேலோங்கும். கால்சியம் நிறைந்த எலும்பு, சதையைவிடக் கூடுதலாகக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும். 1951-இல் கனடாவில் கோபால்ட்-60 கருவி பயன்பாட்டுக்கு வந்தது. அதன் காமாக் கதிர்களின் ஆற்றல் பத்து லட்சம் எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல். அந்த அளவில் எலும்புக்கும் சதைக்கும் உள்ள வேறுபாடு பெரிதும் குறைகிறது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் அடுத்த சில ஆண்டுகளில் கோபால்ட் கருவி வந்தது.

இரண்டாவது மாற்றம் ஹூஸ்டனிலிருந்து வந்தது. சாமுவேல் டிரைசனும் அவருடைய குழுவினரும் 1977-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நோயாளியின் பல்வரிசைக்கு அளவெடுத்துச் செய்த தட்டில் ஒரு சதவீத சோடியம் புளோரைடு களிம்பை நிரப்பி, நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் வைத்துக்கொள்ளச் செய்தனர். பல் துலக்கிச் சுத்தமாக மட்டும் இருந்தவர்களுக்குச் சொத்தை பரவியது. களிம்பையும் சேர்த்துப் பயன்படுத்தியவர்களுக்குச் சொத்தை பெரிதும் கட்டுப்பட்டது. இத்தனை மலிவான ஒரு பொருள், இத்தனை பேரின் பற்களைக் காப்பாற்றிய கதை மருத்துவத்தில் அதிகமில்லை. எல்லாவற்றையும் பிடுங்கும் வழக்கத்துக்கு அதன்பின் அடிப்படையே இல்லாமல் போனது. காப்பாற்ற முடியாத பற்களை மட்டும் சிகிச்சைக்கு முன் எடுத்து, இரண்டு மூன்று வாரம் குழி ஆற விட்டு, பிறகு கதிர்வீச்சைத் தொடங்குவது இன்றைய நடைமுறை.

உயிர்வளி அறை

பின்னால் பல் பிடுங்கவேண்டி வந்தால் என்ன செய்வது என்பது மட்டும் எஞ்சியது. எலும்பு அழுகுவதற்குக் கிருமியே காரணம் என்று எண்ணிப் பென்சிலின் கொடுத்து வந்தனர். அமெரிக்கத் தாடை அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் 1983-இல் இதை மறுத்தார். கதிர் பட்ட எலும்பில் இரத்தக் குழாய் குறைவு, செல் குறைவு, உயிர்வளி குறைவு. காயத்தை ஆற்றும் சக்தியே அதற்கு இல்லை, கிருமி பிறகுதான் வருகிறது என்றார். 1985-இல் 74 நோயாளிகளை இரு பாதியாகப் பிரித்துச் சோதித்தார். பென்சிலின் பெற்ற 37 பேரில் 11 பேருக்கு எலும்பு அழுகியது. உயர் அழுத்த அறையில் உயிர்வளி பெற்ற 37 பேரில் இருவருக்கு மட்டுமே அழுகியது.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த முடிவே வேதவாக்காக இருந்தது. பிரிட்டன் மருத்துவர்கள் தலைமையில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு அதை அசைத்தது. உயிர்வளி பெற்றவர்களில் 6.4 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 5.7 சதவீதத்தினருக்கும் எலும்பு கெட்டது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. மார்க்ஸ் தவறு செய்தார் என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. இடைப்பட்ட காலத்தில் கதிர்வீச்சு நுட்பமானது, அறுவையும் மென்மையானது, ஆபத்தே குறைந்துவிட்டது. உமிழ்நீர்ச் சுரப்பியை ஒதுக்கிக் கதிரைச் செலுத்தும் முறையும் வந்தது. 2011-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், ஓராண்டுக்குப் பின் கடும் வாய் வறட்சி பழைய முறையில் 74 சதவீதம், புதிய முறையில் 38 சதவீதம்.

ஆனாலும் ஆபத்து ஒழியவில்லை, அதற்குக் காலக்கெடுவும் இல்லை. என்னோடு பணியாற்றிய ஓவிய ஆசிரியர் ஒருவர் தொண்டைப் புற்றிலிருந்து மீண்டவர். பல ஆண்டுகள் கழித்துப் பல்வலிக்காகப் பக்கத்துத் தெருவில் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். பழைய சிகிச்சையைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை, அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. அந்தக் குழி ஆற ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. கதிர்வீச்சு பெற்றவர், எத்தனை ஆண்டு ஆனாலும், பல் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி அதுதான்.

வாய்ப்புண்

மருந்துச் சிகிச்சையின் வரலாற்றிலும் வாய் தொடக்கத்திலேயே வருகிறது. ஆந்திரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு, ஃபோலிக் அமிலத்துக்கு எதிரான மருந்துகளை உருவாக்கியது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினை இரத்தப்புற்று வந்த குழந்தைகளுக்குக் கொடுத்த சிட்னி ஃபார்பர், 1948-இல் தம் வெற்றியை அறிவித்தபோதே வாய்ப்புண்ணையும் பதிவு செய்தார். வேகமாகப் பெருகும் செல்களை இம்மருந்துகள் தாக்கும். வாயின் உள்தோலும் வேகமாகப் புதுப்பித்துக்கொள்வதால் அதுவும் அகப்பட்டுக்கொள்கிறது.

நெடுங்காலம் இது பொறுத்துக்கொள்ள வேண்டிய சிறு தொல்லையாகவே கருதப்பட்டது. 1979-இல் உலக சுகாதார நிறுவனம் தந்த அளவுகோல் இதற்கு ஒரு கணக்கு கொடுத்தது. அதை நம் வீட்டு மொழியில் சொன்னால், எரிச்சல் மட்டுமா, புண் இருந்தும் சோறு இறங்குகிறதா, கஞ்சி மட்டுமா, அதுவும் இறங்கவில்லையா என்று நான்கு படிகள். புண் முற்றினால் சிகிச்சையையே நிறுத்தவோ குறைக்கவோ நேரும், அந்த இடைவெளியில் கட்டி வளரும். இதை உணர்ந்த பிறகே வாய்ப்புண் பெரிய விஷயமாயிற்று.

இதில் எனக்கு மிகப் பிடித்தது அமெரிக்க மேயோ மருத்துவமனையினர் 1991-இல் வெளியிட்ட ஆய்வு. ஃபுளோரோயுராசில் என்ற மருந்து இரத்தத்தில் சில நிமிடங்களே நிற்கும். ஊசிக்கு ஐந்து நிமிடம் முன்பிருந்து அரைமணி நேரம் நோயாளி ஐஸ் துண்டுகளை வாயில் வைத்திருந்தால், குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி, வாய்க்குள் மருந்து குறைவாகவே வரும். புண் கணிசமாகக் குறைந்தது. நெடுநேரம் இரத்தத்தில் தங்கும் மருந்துகளுக்கு இது உதவாது. 2004-இல் வந்த பாலிஃபெர்மின் என்ற விலையுயர்ந்த ஊசியும் பயன்தரும். ஐஸுக்கு ஐந்து ரூபாய்கூட ஆகாது.

எலும்பு மருந்துகள்

புற்று எலும்புக்குப் பரவும்போது, அது நொறுங்காமல் இருக்க பாமிட்ரோனேட், சோலட்ரோனேட் போன்ற ஊசிகள் போடுகின்றனர். 2003-இல் அதே ராபர்ட் மார்க்ஸ், இம்மருந்துகளைப் பெற்ற 36 பேரின் தாடையில் ஆறாத எலும்பு வெளியே தெரிவதை அறிவித்தார். இவர்கள் தாடையில் கதிர்வீச்சு படவே இல்லை. பலருக்குப் பல் பிடுங்கிய பின்தான் தொடங்கியிருந்தது. பழைய மருத்துவ நூல்களைப் புரட்டியவர்களுக்கு இந்தப் படம் புதிதாகத் தோன்றியிருக்காது. வெண்பாஸ்பரஸ் வைத்துத் தீக்குச்சி செய்த தொழிலாளர்களுக்கு இதே போலத் தாடை அழுகியதை வியன்னாவில் லோரின்சர் 1845-இலேயே எழுதியிருந்தார். லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் 1888-இல் வேலைநிறுத்தம் செய்த நாட்களில் அந்நோயும் பேசப்பட்டது. 1906-இல் பெர்ன் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை வெண்பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்தது. எலும்பு ஊசிகளைத் தடை செய்ய வேண்டிய தேவை இல்லை, அவற்றால் பலனடைவோர் மிகப் பலர். முதல் ஊசிக்கு முன்பே வாயைப் பரிசோதித்து, எடுக்க வேண்டிய பல்லை எடுத்து, ஆறவிட்டுத் தொடங்கும்படி இப்போது வழிகாட்டுகின்றனர்.