கழுவினால் மட்டும் போதுமா?

வீட்டு ஃபேனைக் கொஞ்ச நாள் துடைக்காமல் விட்டுப் பாருங்கோ. தகட்டில் தூசி படியும், காற்று குறையும், கரண்ட் பில் மட்டும் குறையாது. ஜெட் எஞ்சினுக்கும் இதே கதைதான். உள்ளே இழுக்கும் காற்றோடு தூசியும் கடல் உப்பும் போய், காற்றை அமுக்கும் கொம்பிரசர் தகடுகளில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதே உந்துவிசைக்கு எஞ்சின் கூடுதல் எரிபொருள் கேட்கும், கூடுதலாகச் சூடாகும், ஆயுளும் குறையும்.

ஜெட் காலத்தின் தொடக்கத்தில் இதற்கு ஒரு சுலபமான வழி வைத்திருந்தார்கள். வோல்நட் ஓட்டை அரைத்து, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்குள்ளேயே தூவினார்கள். உலோகத்தைக் கீறாத அளவுக்கு மென்மை, அழுக்கை உரசி எடுக்கிற அளவுக்குக் கடினம். எஞ்சினைக் கழற்றத் தேவையில்லை. மிச்சத் தூள் உள்ளேயே எரிந்துவிடும் எண்டு நினைத்தார்கள். ஆனால் பின்னர் வந்த எஞ்சின்களில், டர்பைன் தகடுகளைக் குளிர்விக்க நுண்ணிய காற்றுத் துளைகள் இருந்தன. தூளும் சாம்பலும் அவற்றை அடைக்கக்கூடும்.

அதே தூளைப் பட்டறைகளிலும், கழற்றிய பாகங்களைச் சுத்தம் செய்யப் பயன்படுத்தினார்கள். அதற்கான விலை 1982 செப்டெம்பர் 11 அன்று ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் தெரிந்தது. வானில் பெரிய வட்டமாகக் கைகோத்துச் சாதனை படைக்க, பல நாட்டு பரசூட் வீரர்கள் அமெரிக்க இராணுவத்தின் சினூக் ஹெலிகொப்டரில் ஏறினார்கள். அது விமானக் கண்காட்சிக்கு வந்த கூட்டத்தின் கண் முன்னே விழுந்தது. உள்ளே இருந்த 46 பேரும் இறந்தார்கள். விசாரணையில் தெரிந்த காரணம்: சுத்தம் செய்யப் பாவித்த வோல்நட் தூள் மிஞ்சிப்போய், சுழலிகளை இயக்கும் பற்சக்கரப் பெட்டியின் எண்ணெய் வழிகளை அடைத்திருந்தது. அழுக்கு அல்ல, அழுக்கை எடுக்கப் போட்ட பொருள்தான் அவர்களைக் கொன்றது. அதற்குப் பிறகு அந்தத் தூளின் பாவனை கைவிடப்பட்டது.

இன்று பெரும்பாலும் தண்ணீர்தான். சில இடங்களில் சோப்புக் கரைசல் அல்லது நுரை. எரிபொருள் இல்லாமல் எஞ்சினை மெதுவாகச் சுழலவிட்டுப் பீய்ச்சுவார்கள். மிச்சமாவது சுமார் 1 சதவீத எரிபொருள். சின்னத் தொகை போலத் தெரியலாம், ஆனால் விமான நிறுவனங்களின் மிகப் பெரிய செலவுகளில் எரிபொருளும் ஒன்று. மறுபக்கம், விமானம் சில மணிநேரம் தரையில் நிற்க வேண்டும். எண்ணெயும் உலோகத் துகளும் கலந்த கழிவுநீரை நிலத்தில் விடாமல் பிடிக்கவும் வேண்டும்.

இலாபக் கணக்குப் போடேக்க நாங்கள் எல்லாரும் வெளியே எடுத்த அழுக்கைத்தான் எண்ணுகிறோம். உள்ளே விட்டு வந்ததையும் எண்ண வேண்டும் எண்டு தெரிய 46 உயிர் போனது.