திமோதி ஆமையும் வெயிலும்

ஆமையின் ஓடு உயிரில்லாத ஒரு பெட்டி என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது முதுகெலும்பும் விலா எலும்புகளும் இணைந்த உயிருள்ள எலும்பு. மேலே மூடியிருப்பவை நம் நகம் போன்ற தகடுகள். ஆமை வளர வளர ஓடும் வளரும்.

இங்கிலாந்தின் செல்போர்ன் கிராமத்தில் வாழ்ந்த பாதிரியார் கில்பர்ட் ஒயிட். 1780ல் அவருடைய அத்தை இறந்தபோது, அவர் சுமார் 40 ஆண்டுகள் வளர்த்த திமோதி என்ற ஆமை ஒயிட்டிடம் வந்தது. மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருந்ததைத் தோண்டியெடுத்து, குதிரை வண்டியில் 80 மைல் கொண்டுவந்தார். அடிக்கடி எடையும் போட்டுப் பார்த்தார்.

பாரவண்டி ஏறினாலும் தாங்கும் ஓடு. ஆனால் மழை என்றால் திமோதிக்குப் பயம்! இலையுதிர் காலத்திலோ சுவரில் ஓட்டைச் சாய்த்து இளவெயிலை வாங்கிக்கொள்ளும். இதையெல்லாம் ஒயிட் 1789ல் வெளியான தன் புத்தகத்தில் எழுதினார்.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரால் உடலில் வைட்டமின் டி உருவாகிறது. அது இருந்தால்தான் உணவிலுள்ள கால்சியம் ஓட்டில் சேரும். வீட்டுக்குள்ளேயே அடைத்து வளர்த்தால் ஓடு மெதுவாகிக் கோணிப்போகும். எண்ணெயும் பெயின்டும் பூசுவது பராமரிப்பு அல்ல.

ஒயிட் 1793ல் இறந்தார், ஆமை 1794ல். அதன் ஓடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை ஆராய்ந்த பிறகுதான் தெரிந்தது, திமோதி பெண் ஆமை என்று!