குலத்தொழிலும் தொழில் அடையாளமும்

1953இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி அரசு நடைமுறைப்படுத்திய திருத்தப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், ஊரகப் பள்ளிகளில் பாட நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலையோ ஊரிலுள்ள வேறு கைத்தொழிலையோ பழக வேண்டுமென வகுத்தது. ஊரகப் பகுதிகளுக்கென்றே எழுதப்பட்ட திட்டம் அது; நகரத்துப் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது என்று விடப்பட்டதிலேயே அதன் உட்கிடை வெளிப்பட்டுவிடுகிறது. பெரியார் அதனைக் குலக்கல்வி எனச் சாடினார். சட்டமன்றத்தில் அதைக் கைவிடக் கோரிய தீர்மானத்தில் வாக்குகள் 138க்கு 138 எனச் சமமாகப் பிரிந்தன. 1954இல் முதல்வரான காமராசர் அதைக் கைவிட்டார்.

சாதியையும் தொழிலையும் உடலோடு பிணைத்துப் பார்க்கும் போக்கு இதற்கு முன்பே அரசு ஆவணங்களில் வேரூன்றியிருந்தது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மக்களின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்து, 1909இல் வெளிவந்த ஏழு தொகுதிகளில் சாதிகளின் தொழிலையும் வழக்கங்களையும், சிலவற்றுக்கு அந்த அளவுகளுடன் சேர்த்துப் பதிந்தார்.

பிற்கால உளவியல் மூக்கை விட்டு மனத்தை அளக்கலாயிற்று. தொழில் அடையாளம், அதாவது தனக்குரிய வேலை எது என்பதில் ஒருவருக்குள்ள தெளிவு, அளவிடத்தக்கதாகக் கொள்ளப்பட்டது. 1966இல் ஜேம்ஸ் மார்சியா 86 அமெரிக்கக் கல்லூரி ஆண் மாணவரை ஆராய்ந்து வகுத்த நான்கு நிலைகளில் ஒன்று, பல வழிகளைத் தேடிப் பார்க்காமலே பெற்றோர் காட்டியதை ஏற்றுக்கொள்ளும் நிலை. தேடித் தெளிந்த பின் ஏற்பதை அவர் முதிர்ந்த நிலையாகக் கொண்டார். தகப்பனின் சக்கரத்தில் மண் வனைந்து வளர்ந்த குயவர் வீட்டுப் பிள்ளை, வேறு வேலையை எண்ணிப் பார்த்ததுண்டா என்ற கேள்விக்கு இல்லை என்றால், முதிராத நிலையில் வைக்கப்படுவான். 1953 திட்டமோ அந்த நிலையையே பாடத்திட்டமாக்கியது.

ஒரே கேள்வி எல்லாக் குழுவினரிடமும் ஒரே பண்பையே அளப்பதை ஆய்வாளர் அளவீட்டுச் சமனிலை என்பர். அமெரிக்காவில் அது உண்டா என்பது கறுப்பர், வெள்ளையர் என்ற பிரிவினூடே கேட்கப்படுகிறது. தமிழகத்தில் சாதியினூடே கேட்கப்பட வேண்டியது. தேடலுக்குப் பள்ளியும் பேருந்துக் கட்டணமும் முன் சென்றவர் ஒருவரும் தேவைப்படுவதால், இவை கிடைக்காத பிள்ளை தொழில் அடையாள அளவீட்டில் பெறும் குறைந்த மதிப்பெண் அவன் மனக் குழப்பத்தைக் காட்டுகிறதா, வழியின்மையைக் காட்டுகிறதா என்பதை வினாத்தாள் மட்டும் பிரித்தறிய முடியாது.